அப்பன் இறக்கையில் இல்லாத சிவப்பு

“என் மகள் என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திட்டா, அம்மா,” என்றார் நம்பிராசன்.

நம்பிராசன் குருவாக மதிக்கும் நப்பின்னை, நாரத்தை மரத்தைச் சுற்றி வலை கட்டி வண்ணத்துப்பூச்சி வளர்ப்பவர். வயதில் அவரைவிட இளையவர். ஊரில் நம்பிராசன் பகைக்காத ஆள் இவர் ஒருவர்தான்.

“எதுக்காம்?”

“அவ கல்யாணத்துக்கு அத்தையை அழைச்சாத்தான் திறப்பாளாம்.”

“அழைக்க வேண்டியதுதானே?”

“என் அக்கா ஆவுடையையா? என் கல்யாணத்துல நான் கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன், கதவை அடைச்சிட்டாம்மா!”

“அக்கா கதவடைக்கிறதும், ‘பெண் பிறந்தா உன் மகனுக்குத் தர்றேன்’னு தம்பி சொன்னதும் திறக்கிறதும் வழக்கம்தானே?”

“ஒரு தடவை கேட்டா வழக்கம். இவ, ‘காதுல விழலை, இன்னும் சத்தமா’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. என் மாமனார் நின்னபடியே தூங்கிட்டார். பெண் வீட்டார் எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கே அவகூடப் பேச்சை விட்டேன். அந்தக் கதையைப் பத்தி வீட்டுல யாரும் வாய் திறக்கக் கூடாதுன்னுட்டேன்.”

நப்பின்னை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என் மக வடிவு அவ முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இன்னைக்கு நான், ‘சரி, யோசிக்கிறேன்’னேன். உள்ளேயிருந்து சொல்றா, ‘காதுல விழலை, இன்னும் சத்தமா!’ என் பொண்டாட்டி அதிர்ந்து பேசமாட்டா. எங்கேயிருந்து வந்துதும்மா இது?”

“உள்ளே வாங்க.”

வலைக்குள் இலைமேல் இரண்டு பூச்சிகள். கறுப்பு இறக்கை, வெள்ளைப் பட்டை.

“இவன் அப்பன். இவ அம்மா. அந்தக் கிளையில இருக்கிறது இவங்க மக.”

மகளின் பின்னிறக்கையில் சிவப்புப் பொட்டுகள்.

“விஷப்பூச்சி மாதிரி இருக்கே!”

“வேஷம்தான். விஷப்பூச்சியைத் தின்னு வாந்தியெடுத்த குருவி இவளைத் தொடாது. அந்தச் சிவப்புதான் இவளுக்குக் காவல்.”

“அம்மாகிட்ட சிவப்பு இல்லை. அப்பன்கிட்டயும் இல்லை.” நம்பிராசனின் குரல் தாழ்ந்தது. “வேற எவனாவது…?”

“சே! வலைக்குள்ள இவன் ஒருத்தன்தான். இந்தச் சிவப்பு அம்மாகிட்ட இருந்திருந்தா அவ மேலேயே தெரிஞ்சிருக்கும். ஆணுக்குள்ள இருந்தா வெளியே தெரியாது. மகளுக்குக் கொடுத்துட்டுப் போவான்.”

“அவனுக்கு ஏது?”

“பிறந்த வீட்டுச் சொத்து. அவன் கூடப்பிறந்தவளுங்க இதே சிவப்போடதான் பறந்தாளுங்க.”

நம்பிராசன் குனிந்து அந்த ஆணையே வெகுநேரம் பார்த்தார். அது ஒன்றும் அறியாதது போல இறக்கையை விரித்து மூடியது.

“திருட்டுப் பயலே,” என்றார் மெதுவாக.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கிழக்கே திரும்பினார்.

“உங்க வீடு மேற்கேல்ல இருக்கு?”

“அங்கே கதவு சாத்தியிருக்கும்மா. திறக்க வைக்கிறவ கிழக்கே இருக்கா.”

கொஞ்ச தூரம் நடந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அக்கா” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

போதாது. இன்னும் சத்தமாக இருக்க வேண்டும்.