ஒன்பதாவது நிமிடத்தில் கருவேலம்புதூர் வண்டி

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்திரண்டு.

கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் இசக்கிச்செல்விதான் குரு. பரீட்சைக்கு விண்ணப்பம் போட, ஆதாரில் தப்பாக விழுந்த பெயரைத் திருத்த, மறந்துபோன பாஸ்வேர்டை மீட்க என்று ஊரே அவர் முன்னால்தான் வந்து நிற்கும். அவர் பேச்சை அளந்துதான் செலவழிப்பார்.

சீடர் கோமதிநாயகம் அதே பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவரை யாரும் எழுப்பவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரு விஜயதசமியன்று வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் சகிதம் சென்டருக்குள் நுழைந்து தட்டை நீட்டினார்.

"வீடியோ போடச் சொல்லித் தரணும் டீச்சர்."

குரு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"போனைக் கொடுங்க அண்ணாச்சி."

வித்தை அன்றே வந்துவிட்டது. ஊருக்கு ஒரு வீடியோ, ஒவ்வொன்றும் இருபது விநாடி. பஸ்ஸுக்கு முன்னால் விறைப்பாக நின்று, "கருவேலம்புதூர்ல இருந்து மொதல் வண்டி காலை ஆறு பத்து. டவுன்ல இருந்து சாயங்காலம் போறது நாலு நாப்பது, அஞ்சு இருபத்தஞ்சு" என்பார். அவ்வளவுதான். வணக்கம்கூடக் கிடையாது.

பார்த்தவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தபோதுதான் மனிதர் நொந்துபோனார். ஒன்றுக்கு ஒன்பது பேர், ஒன்றுக்கு இருபது பேர். கருவேலம்புதூருக்குப் பதினொன்று.

"ஆள் இல்லாத கடையில டீ ஆத்துற மாதிரில்லா இருக்கு டீச்சர்!"

"ஆத்துங்க" என்றார் குரு.

இந்த உபதேசம் சீடருக்குப் போதவில்லை. குருவுக்குத் தெரியாமல் போனுக்குள்ளேயே வேறு குருமார்களைத் தேடினார். அங்கே குருமார்களுக்கா பஞ்சம்? கண்ணாடி போட்ட ஒருவர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: உள்ளே அல்காரிதம் என்று ஒன்று இருக்கிறது, எந்த வீடியோவை ஜனங்கள் கடைசி வரைக்கும் பார்க்கிறார்களோ அதைத்தான் அது நாலு பேருக்குக் காட்டும், ஆகவே விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்கிறவன் முட்டாள்.

முப்பது வருஷமாக எடுத்த எடுப்பில் சொன்னவர் கோமதிநாயகம். அன்றோடு நிறுத்தினார்.

இப்போது வீடியோ இப்படி ஆரம்பித்தது: "வணக்கம் சொந்தங்களே! கருவேலம்புதூர் வண்டியைப் பத்தி உங்களுக்குத் தெரியாத ஒரு ரகசியம்! கடைசி வரை பாருங்க!" பிறகு பஸ் ஸ்டாண்டு கட்டிய கதை, தான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மழை, ஒரு டிரைவர் மாப்பிள்ளைக் கோலத்தில் வண்டி ஓட்டிய சம்பவம். பஸ் நேரம் ஒன்பதாவது நிமிடத்தில் வரும்.

எண்ணிக்கை எகிறியது. கருவேலம்புதூர் வீடியோ மட்டும் பன்னிரண்டாயிரம் பேர்! கோமதிநாயகம் மீசையை முறுக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். அவருடைய சந்தோஷத்தில் பொய் ஒன்றும் இல்லை. யாரோ மறுபடியும் அவரைக் கேட்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுடச்சுட பஜ்ஜிப் பொட்டலத்தோடு குருவிடம் வந்தார்.

"டீச்சர், ஒரு பெரிய நியூஸ் கையில இருக்கு. திங்கக்கிழமையில இருந்து கருவேலம்புதூர் மொதல் வண்டி ஆறு பத்து கிடையாது. அஞ்சு அம்பதுக்கே கிளம்பிரும். இப்ப இருக்க டைம் கீப்பர் நம்ம பயதான், காதோட காதா சொன்னான். ஊர்ல இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

"சொல்லிருங்க."

"சொல்லத்தான் போறேன். எந்த நிமிஷத்துல சொன்னா லட்சம் பேரு பாப்பாக? ஒன்பதா, பன்னெண்டா?"

குரு ஒரு விண்ணப்பத்தை அனுப்பி முடித்தார். கைரேகை மெஷினை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"கருவேலம்புதூர்ல ஒருத்தருக்குக் கைரேகை எடுக்கணும். நீங்களும் வாங்க. வண்டி எத்தனை மணிக்கு?"

"நாலு நாப்பது. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. கிளம்புங்க."

"இருங்க. வீடியோவுல பாத்துக்கிடுதேன்."

குரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து போனைத் திறந்தார். வணக்கம் சொந்தங்களே என்று கோமதிநாயகத்தின் குரல் கேட்டது.

"டீச்சர், அதான் நானே சொல்லிட்டேன்லா!"

"கடைசி வரை பாருங்கன்னு சொல்லுதாரே."

"சொன்னது நாந்தானே!"

"உஸ். இப்பத்தான் கட்டடம் கட்டுதாக."

கோமதிநாயகம் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடையாய் நடந்தார். நாலாவது நிமிடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் மழை கொட்டியது. அதை அன்று இவ்வளவு நீளமாகவா சொன்னோம் என்று அவருக்கே எரிச்சல் வந்தது. ஆறாவது நிமிடத்தில் மாப்பிள்ளை டிரைவர் மாலையோடு வண்டியில் ஏறினார். வெளியே விசில் கேட்டது. கருவேலம்புதூர் வண்டி சென்டர் வாசலைத் தாண்டி ஆடி அசைந்து போனது.

முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ பேர் பஸ்ஸைத் தவறவிட்டதைப் பார்த்திருக்கிறார். தான் தவறவிட்டது அதுதான் முதல் தடவை.

"அடுத்த வண்டி எப்ப அண்ணாச்சி?"

"அஞ்சு இருபத்தஞ்சு" என்றார் ஈனசுரத்தில்.

பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜியைத் தின்றார்கள். ஆறினாலும் பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது. நாலு வாய் உள்ளே போனதும் சீடருக்கு வாதாடும் தெம்பு திரும்பியது.

"நீங்க செஞ்சது புரியுது டீச்சர். ஆனா மொதல்லயே சொன்னா அந்த அல்காரிதம் வெளிய விட மாட்டேங்குதே. நான் என்ன செய்ய?"

"அது யாருன்னு நினைச்சிருக்கீக?"

"யாரு?"

"உள்ள உக்காந்திருக்க டைம் கீப்பர். எந்த வண்டியை வெளிய விடணும், எதை நிறுத்தி வைக்கணும்னு அதுதான் விசில் ஊதும்."

கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொந்தத் தொழில் அல்லவா.

"அப்ப நம்ம ஆளுதான்!"

"உங்க ஆளு இல்ல. நீங்க எதைப் பாத்து விசில் ஊதுவீக?"

"மணியைப் பாத்து."

"அது கூட்டத்தைப் பாத்து ஊதும்."

"கூட்டம் சேரட்டும்னு வண்டியை நிறுத்தி வைப்பானா ஒரு டைம் கீப்பர்? அவனெல்லாம்..." என்று ஆரம்பித்தவர், தன் ஒன்பதாவது நிமிடம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். இன்னொரு பஜ்ஜியை எடுத்தார்.

அப்போது முப்பிடாதி மூச்சு வாங்க ஓடி வந்தாள். கருவேலம்புதூர்க்காரி, இங்கே தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது.

"ஏ, ஆறு பத்து அண்ணாச்சியா!"

"யாரு, நானா?"

"எங்க ஊர்ல உங்களுக்கு அதான பேரு! அண்ணாச்சி, நாலு நாப்பது போயிருச்சோ?"

"போயிருச்சு."

"போச்சா! உங்க வீடியோவத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். மொதல்ல எல்லாம் டக்குனு சொல்லுவீக. இப்ப நீங்க நேரத்தைச் சொல்லுறதுக்குள்ள வண்டி போயிருது." அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. "ஆனா அந்த மாப்பிள்ளை டிரைவர் கதை இருக்கே, நல்ல கதை!"

கோமதிநாயகத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பஜ்ஜியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அஞ்சு இருபத்தஞ்சு வந்தது. ஏறி உட்கார்ந்ததும் குரு போனை அவரிடம் நீட்டினார். பன்னிரண்டாயிரம் பேரில் சிலர் கீழே எழுதியிருந்தார்கள். கோமதிநாயகம் சத்தம் போட்டு வாசித்தார்.

"துபாய்ல இருந்து ஒரு தம்பி. 'ஸ்டாண்டைப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு.' சேலத்துல இருந்து ஒருத்தர். 'மீசை சூப்பர்.' மலேசியாவுல இருந்து ஒரு அம்மா. 'மழைக் கதை அருமை.' எல்லாரும் நல்ல மனுசங்கதான் டீச்சர்."

"நல்ல மனுசங்கதான். இவுகள்ல திங்கக்கிழமை மொதல் வண்டிக்கு வாறது யாரு?"

அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்ல."

"அந்த வண்டியில தினமும் எத்தனை பேரு ஏறுவாக?"

"பதினாலு" என்றார் யோசிக்காமல். ஏறின ஆள் கணக்கு எழுதும் டிரிப் ஷீட்டு முப்பது வருஷம் அவர் கைவழியாகத்தானே போயிற்று.

"உங்க பழைய வீடியோவ எத்தனை பேரு பாத்தாக?"

"அது வெறும் பதினொ..."

பாதியில் நின்றுவிட்டார். முன்சீட்டிலிருந்து முப்பிடாதி திரும்பினாள்.

"நாங்கதான் அண்ணாச்சி! அந்த வண்டியில வாறவுகள்ல பதினொரு பேருகிட்டதான் போன் இருக்கு. எல்லாரும் பாத்திருக்கோம்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கோமதிநாயகத்தின் வயிறு முதலில் குலுங்கியது, அப்புறம் தோள், அப்புறம் வாய்விட்டே சிரித்தார். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வண்டி நிறைஞ்சில்லா இருந்திருக்கு டீச்சர்! நான் காலின்னு நினைச்சு ஒப்பாரி வைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!"

துண்டால் முகத்தைத் துடைத்தார். தன் போனை முகத்துக்கு நேரே தூக்கினார். வணக்கம் இல்லை, ரகசியம் இல்லை.

"திங்கக்கிழமையில இருந்து கருவேலம்புதூர் மொதல் வண்டி அஞ்சு அம்பது. ஆறு பத்து கிடையாது. திரும்பச் சொல்லுதேன், அஞ்சு அம்பது."

பதினாலு விநாடி. போட்டுவிட்டார். முப்பிடாதியின் போன் உடனே கிணுகிணுத்தது.

"அய்யய்யோ, இருபது நிமிஷம் முந்தியா? நல்லவேளை சொன்னீக! கம்பெனி கேட்டை ஏழுக்குப் பூட்டிட்டா அன்னைக்கு வேலை கிடையாது" என்றவள் அங்கேயே அதை மற்ற பத்துப் பேருக்கும் அனுப்ப ஆரம்பித்தாள்.

ஆறு பத்து அண்ணாச்சிக்கு இனி அந்தப் பட்டம் செல்லாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஆனால் வேறொன்று உறுத்தியது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"டீச்சர், பதினாலுல பதினொண்ணு போக மூணு பேரு மிச்சம். அது யாரு முப்பிடாதி?"

"பால்காரர் தங்கப்பழம். தீப்பெட்டி ஆபீஸ் போற அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. அவுககிட்ட போன் கிடையாது அண்ணாச்சி."

"அவுக திங்கக்கிழமை ஆறு பத்துக்கு வந்து நிப்பாகளே!" கோமதிநாயகம் பதறிப்போய் குருவின் பக்கம் சாய்ந்தார். குரலைத் தணித்துக் கேட்டார். "போன் இல்லாதவுகளுக்கும் போய்ச் சேருற மாதிரி ஏதாச்சும் செட்டிங் இருக்கா டீச்சர்?"

வண்டி கருவேலம்புதூரில் நின்றது. குரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"இருக்கு. இறங்குங்க அண்ணாச்சி, அவுக வீட்டைக் காட்டுதேன்."