இரண்டரை அடி

"மனசைக் கழுவத்தான் அம்மா இங்க வந்தேன். மூணு மாசமா பிள்ளைங்க பின்பக்கத்தைத்தான் கழுவிக்கிட்டிருக்கேன்," என்றார் தணிகாசலம்.

மரகதம்மாள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"கடைப்பக்கம் போனா சோப்பு வாங்கிட்டு வாங்க ஐயா. தீரப்போகுது," என்றார்.

செங்கல் சூளைகளுக்கு நடுவே இருந்தது அந்த மடம். பெயருக்குத்தான் மடம். சூளையில் வேலை செய்பவர்கள் காலை ஆறு மணிக்குத் தங்கள் குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். மொத்தம் பதினெட்டுக் குழந்தைகள். மாலையில் அவர்கள் போன பிறகு மரகதம்மாள் ஒரு மணி நேரம் கண்மூடி உட்காருவார்.

அந்த ஒரு மணி நேரத்தைக் கற்கத்தான் தணிகாசலம் வந்திருந்தார்.

அவருக்கு வயது அறுபது. மரகதம்மாளுக்கு நாற்பத்திரண்டு. தணிகாசலம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநான்கு வருடப் பணியில் ஒரு கரும்புள்ளி கிடையாது. இதை அவர் அடிக்கடி சொல்வார்.

கண்மூடி உட்காரும் முன் மரகதம்மாள் தினமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னிக்கு என்ன நடந்துச்சு?"

உதவிக்கு இருந்த லூர்துமேரி ஒவ்வொன்றாகச் சொல்வாள். "கதிரு, செல்வி கையைக் கடிச்சிட்டான். பல் பதிஞ்சிருக்கு. அவ அம்மாகிட்ட சொல்லிட்டேன். அப்புறம், ஒரு பிள்ளைக்கு மூக்கு துடைச்ச கையோட இன்னொண்ணுக்குச் சோறு ஊட்டிட்டேன். பாதியிலதான் ஞாபகம் வந்துச்சு."

மரகதம்மாள் தலையாட்டுவார். பிறகு தணிகாசலத்தைப் பார்ப்பார்.

"ஒண்ணுமில்லை அம்மா," என்பார் அவர்.

ஒருநாள் அவர் பொறுக்க முடியாமல் கேட்டார். "இந்தப் பொண்ணு தினமும் நாலு தப்பு பண்றா. நான் ஒண்ணுகூடப் பண்ணலை. இருந்தும் கைக்குழந்தைங்க அறையை அவகிட்டதானே விட்டிருக்கீங்க?"

"ஆமா," என்றார் மரகதம்மாள்.



மறுநாள் காலை லூர்துமேரி வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"கண்ணு உறுத்துது அம்மா. சிவந்திருக்கு."

"வீட்டுக்குப் போ. சரியான பிறகு வா. துண்டு, தலையணை எதையும் யார்கூடவும் பங்கு போடாதே."

"வேலை?"

"ஐயா இருக்காரு."

அப்படித்தான் கைக்குழந்தைகளின் அறை தணிகாசலத்துக்கு வந்தது.

இரண்டு நாள் நன்றாகப் போயிற்று.

மூன்றாம் நாள் மதியம். துணி மாற்றும் மேசையில் செம்பாவைக் கிடத்தியிருந்தார். பதினோரு மாதக் குழந்தை. மாற்றுத்துணி பின்னால் கொடியில் தொங்கியது. எடுக்கத் திரும்பினார்.

ஒரு நொடிதான்.

தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

குழந்தை வீறிட்டது. அள்ளி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

இடது காதுக்கு மேலே சின்னதாக ஒரு வீக்கம். அவர் எண்ணெய் தடவினார். முடியை அதன்மேல் படிய வாரிவிட்டார்.

மாலையில் தாய் கன்னியம்மா வந்தாள். கையெல்லாம் செம்மண்.

"தொந்தரவு பண்ணாளா ஐயா?"

"சமத்தா இருந்தா."

பிறகு மரகதம்மாள் கேட்டார். "இன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லை அம்மா."

அன்று தணிகாசலமும் கண்மூடி உட்கார்ந்தார். தரையில் விழுந்த சத்தம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது.

மறுநாள் செம்பா வரவில்லை.

ஏழு மணி ஆயிற்று. எட்டு ஆயிற்று. சூளையிலிருந்து வந்த ஒருவன், "கன்னியம்மா பிள்ளை வாந்தி எடுக்குதாம். வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போகப் போறா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

தணிகாசலம் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். கடைசியில் அடுப்படி வாசலில் நின்றார். மரகதம்மாள் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். ஒரு உண்மையைச் சொல்லாம விடுறதும் பொய்தானா? சாஸ்திரம் என்ன சொல்லுது?"

கரண்டி நின்றது.

"எந்தக் குழந்தை?" என்றார் மரகதம்மாள்.

அவர் வாய் திறப்பதற்குள் அடுப்பை அணைத்துவிட்டார்.

"செம்பா," என்றார் தணிகாசலம்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அம்மாளை அழைத்து உட்கார வைத்துவிட்டு இருவரும் சூளைக்கு ஓடினார்கள்.

குடிசையில் குழந்தை கன்னியம்மாவின் மடியில் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் கொஞ்சம் திறந்தது. மறுபடி மூடியது.

"பழைய கஞ்சியைக் குடுத்துட்டேன் அம்மா. என் தப்புதான். அடுப்பு மூட்டச் சோம்பல்பட்டுக்கிட்டு அதையே குடுத்துட்டேன்," என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மரகதம்மாள் ஆட்டோ பிடிக்கத் திரும்பிவிட்டார்.

தணிகாசலம் கன்னியம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்.

"கஞ்சி இல்லம்மா," என்றார். "நேத்து என்கிட்ட இருக்கும்போது விழுந்துட்டா. மேசையில இருந்து. நான் உன்கிட்ட சொல்லலை."

கன்னியம்மா தலையில் அடிப்பதை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். அவர் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "எப்போ விழுந்தா?"

"நேத்து மத்தியானம் மூணு பத்துக்கு."

"எவ்வளவு உயரம்?"

"ரெண்டரை அடி. சிமெண்ட் தரை. இடது பக்கம் பட்டுது. உடனே அழுதா. மயக்கம் வரலை."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "வாந்தின்னுதான் வாசல்ல சொல்லியிருக்காங்க?"

"அவங்ககிட்ட இப்பதான் சொன்னேன் சார். அதுவரை எனக்கு மட்டும்தான் தெரியும்."

குழந்தையை நேராகத் தலைக்கு ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். உள்ளே கொஞ்சம் இரத்தம் கசிந்திருந்தது. அறுவை வேண்டாம், படுக்கையில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். நான்கு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் செம்பா பால் கேட்டு அழுதாள்.

அந்தச் செய்தி வந்த அன்று தணிகாசலம் தன் பையை எடுத்து வைத்தார்.

"நான் கிளம்புறேன் அம்மா. இந்த இடத்துக்கு நான் தகுதி இல்லை."

மரகதம்மாள் உள்ளே போனார். ஒரு ரம்பத்துடன் திரும்பி வந்தார். அதை அவர் கையில் கொடுத்தார்.

தணிகாசலம் ரம்பத்தைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

மரம் பழைய தேக்கு. நான்கு கால்களையும் அறுக்க இருட்டும்வரை ஆயிற்று. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அறுத்து முடித்தபோது பலகை தரையோடு தரையாகக் கிடந்தது. அதன்மேல் மரகதம்மாள் ஒரு மெத்தையை விரித்தார். மாற்றுத்துணிக் கூடையை உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில் வைத்தார்.

"இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

தணிகாசலம் சொல்ல ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் நடந்ததையெல்லாம் சொன்னார். மூடாமல் விட்ட தண்ணீர்த் தொட்டி. காய்ச்சலோடு யாரிடமும் சொல்லாமல் வேலை பார்த்த இரண்டு நாள். ஒரு பையன் வாயிலிருந்து எடுத்துப்போட்ட பொத்தான். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மரகதம்மாள் கண்மூடி உட்காரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

செம்பா திரும்பி வந்தபோது லூர்துமேரியும் வந்துவிட்டிருந்தாள். கன்னியம்மா குழந்தையை அவளிடம் கொடுத்தாள். தணிகாசலம் நின்ற பக்கம் திரும்பவில்லை.

பத்து நாள் அப்படியே போயிற்று.

ஒரு மாலை ஒரு தகப்பன் தன் மகனை அழைத்துப்போக வந்தான். தணிகாசலம் அவனை நிறுத்தினார்.

"முழங்கால்ல சிராய்ப்பு தம்பி. நான் தரையைத் துடைச்சுட்டு ஈரம் காயறதுக்கு முன்னாடியே பிள்ளைங்களை விட்டுட்டேன். வழுக்கி விழுந்துட்டான். தலையில படலை. சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்."

"கண்ணு எங்கய்யா வெச்சிருந்தீங்க?" என்று அவன் கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் தப்புதான்," என்றார் தணிகாசலம்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே மகனைத் தூக்கிக்கொண்டு போனான். அவனுக்குப் பின்னால் கன்னியம்மா நின்றிருந்தாள். அவளும் செம்பாவை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஆறு மணி. லூர்துமேரி கை நீட்டினாள். கன்னியம்மா அவளைத் தாண்டி நடந்தாள். தணிகாசலத்தின் முன்னால் வந்து நின்றாள். செம்பாவை அவர் கையில் வைத்தாள்.

"இடது பக்கமா படுக்க வைக்காதீங்க ஐயா," என்றாள். "தொட்டா இன்னும் சிணுங்குறா."