வெல்லக்கோட்டை ஆட்டம்

கொதகொதன்னு ஒரு சத்தம். ஊரு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அந்தச் சத்தம் காதுல விழும். கரும்புச்சாறு கொப்பரையில கொதிக்கிற சத்தம். அப்படி ஒரு ஊருல சடைச்சின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கரும்புக்கொல்லை.

அந்த ஊரு ராசாவுக்கு ஒரு ஆட்டம். தரையில கட்டம் போட்டு, சோழி உருட்டி, விழுற கட்டத்துக்குத் தக்கன சாறோ விறகோ எடுத்து, வெல்லங்காய்ச்சிக் கோட்டை கட்டணும். பொழுது சாயுற வரைக்கும் கட்டினவங்களைத் தாங்கி அது நிக்கணும். தோத்தா கொல்லையும் கெணறும் ராசாவுக்கு. ஆடமாட்டேன்னு சொன்னா முதுகுத்தோலு மிஞ்சாது. சோழியும் அவனோடது, கட்டமும் அவனோடது, அப்புறம் யாரு ஜெயிப்பா, நீங்களே சொல்லுங்க. இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

ஊர்க்கொல்லையெல்லாம் போயி, சடைச்சி கொல்லைதான் பாக்கி. அவளையும் இழுத்துட்டு வந்து உக்காரவச்சான்.

ராசா உருட்டினான், விறகு. மறுபடி உருட்டினான், விறகு. இன்னொருவாட்டியும் விறகு. சாறுக்குத்தான் புடுங்கின கொல்லையெல்லாம் இருக்கே. வீடு வீடா அடுப்படி விறகையும் அள்ளிட்டு வந்தாங்க. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சச் சுள்ளி இல்ல. சடைச்சிக்கு விழுந்தது ஒரு கொப்பரைச் சாறு. எரிக்க, அவ காயவச்சிருந்த கரும்புச்சக்கைதான்.

ராசா முதல் கொப்பரையை இறக்கச் சொன்னான்.

"ராசா, பதம் வரல. தண்ணியில சொட்டு விட்டுப் பாருங்க, உருண்டு நிக்கணும்."

"என்னைத் தாமசப்படுத்தப் பாக்குறியா? அச்சுல ஊத்துடா."

ரெண்டாவது கொப்பரை. "ராசா, பதம் வரல."

"உன் கொப்பரையைப் பாருடி."

மூணாவது கொப்பரை. "ராசா, பதம் வரல."

"இன்னொரு வார்த்தை பேசினா நாக்கை அறுத்துருவேன்."

அவ தன் கொப்பரையில சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டா, உருண்டு நின்னதும் இறக்கி அச்சுல ஊத்தினா.

ராசா கோட்டை யானை உயரம். சடைச்சியோடது முழங்கால் உயரம்.

"என்னடி, கோழிக்கூடா?"

"உக்காரத்தானே ராசா"ன்னு ஏறி உக்காந்தா. கல்லு மாதிரி நின்னுச்சு.

ராசாவும் ஏணி வச்சு ஏறினான். அப்புறம் வெயில் ஏறுச்சு, அப்புறம் கோட்டை வேர்த்துச்சு, அப்புறம் நெளிஞ்சு உள்வாங்குச்சு, ராசா இடுப்பு வரைக்கும் பாகுல. இழுக்க வந்த சேவகன் கையும் ஒட்டிக்கிச்சு. அதைப் பாத்து மத்த சேவகங்க ஓடிட்டாங்க. எறும்பு சாரைசாரையா வந்துருச்சு.

"வெந்நி ஊத்துங்க, கரையும்!"

"விறகையெல்லாம் நீங்க எரிச்சுட்டீங்களே ராசா"ன்னாங்க சுத்தி நின்ன ஊர்க்காரங்க.

"பச்சத்தண்ணியாவது ஊத்துங்க."

"கெணறெல்லாம் உங்களது. நாங்க தொட்டா திருட்டாச்சே. நீங்களே எறங்கி வந்து எறைச்சுக்குங்க."

எறும்பு கழுத்துக்கு ஏறுச்சு.

"ஐயோ, கெணறு அவங்கவங்களுக்கே. கொல்லையும் அவங்கவங்களுக்கே."

"ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிக் கொடுங்க ராசா"ன்னா சடைச்சி.

ஒவ்வொரு பேரா சொன்னான். பேரு கேட்டவங்கதான் போயி ஒரு குடம் எறைச்சாங்க. ஒருத்தரும் அவசரப்படல. பாகு கரைஞ்சு வெளிய வந்த ராசா மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி, ஊரெல்லையைத் தாண்டி ஓடினவன் திரும்பவே இல்ல. அவன் உடம்பெல்லாம் எறும்பு, நம்ம கையில கரும்பு, கதை அம்புட்டுத்தான்.

பொழுது சாஞ்சதும் சடைச்சி தன் கோட்டையை உடைச்சு, நின்ன பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்தா. அப்புறம் சீலையை இழுத்துச் செருகிக்கிட்டு, மறுநா எரிப்புக்கு ஈரச்சக்கையைப் பிரிச்சுப் பரப்ப ஆரம்பிச்சா.