தாமரை நகரில் எட்டு மனை

குளத்துக் கரையில், ஒற்றைப் பனையின் வேருக்கடியில், சொக்கன் என்றொரு முள்ளெலி தன் மனைவி வடிவோடு குடியிருந்தது.

சொக்கனுக்குத் தெரிந்த வேலை இரண்டு. ஒன்று தூங்குவது. இன்னொன்று, எழுந்ததும் கண்ட கனவை வடிவிடம் சொல்வது. ஐப்பசியின் முதல் ஈரக்காற்று மூக்கில் பட்டால் போதும், பந்தாகச் சுருண்டுவிடும். பிறகு பங்குனி வெயில் வளைக்குள் எட்டிப் பார்க்கும்போதுதான் ஒரு கண்ணைத் திறக்கும். அந்த ஊர் முள்ளெலிகளின் வழக்கமே அதுதான். சொக்கனின் அப்பா மழையைப் பார்த்ததில்லை. தாத்தாவும் பார்த்ததில்லை. மழைக்காலம் என்று ஒன்று உண்டென்று கேள்விப்பட்டதோடு சரி.

சொக்கன் எழும் நேரத்தில் குளத்துத் தண்ணீரெல்லாம் வயலுக்குப் போயிருக்கும். மடையோரம் ஒரு குட்டை மட்டும் கிடக்கும். குளம் என்றால் அந்தக் குட்டைதான் என்று சொக்கன் நினைத்துக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் பரந்த வெளி. பொழுது சாயும்போது அந்த வெளி முழுக்கப் பொன்னிறப் புல் அசையும். எருக்கம்பஞ்சு மிதந்து வரும். தும்பிகள் ஒரே இடத்தில் நின்று பறக்கும். பனைமூட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தால் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று சொக்கனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு சித்திரை மாலையில் ஆள்காட்டிக் குருவி அங்கே வந்து இறங்கியது. மஞ்சள் கால், சிவந்த மூக்கு, ஓயாத வாய். அந்தப் பக்கத்தில் வளை, பொந்து, புதர் எது கைமாறினாலும் நடுவில் நிற்பது அதுதான். இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொள்ளும்.

"அண்ணாச்சி, நல்ல சேதி கொண்டாந்திருக்கேன். இந்த வெளிக்கு உள்ளே பெருச்சாளி மனை போட்டிருக்காரு. தாமரை நகர்னு பேரு. மண்ணு மெத்தை கணக்கா இருக்கு. உங்களுக்குன்னு எட்டு மனை சொல்லி வச்சிருக்கேன்."

"எட்டு மனைக்கு நான் எங்கே போவேன்?" என்றது சொக்கன்.

"ஒன்னும் கொடுக்க வேண்டாம். இந்தப் பனைமூட்டு வளையை அவருக்கு விட்டுட்டா போதும். அவருக்கு வயசாயிட்டு. மேட்டுல காத்தாட இருக்கணுமாம்."

ஒரு வளைக்கு எட்டு மனை! சொக்கனின் முள்ளெல்லாம் தானாகப் படுத்துவிட்டது. அன்றைக்குக் கண்ட கனவு அதற்கு முன் கண்ட எல்லாக் கனவையும் விடப் பெரிது. ஒரு மனையில் தானும் வடிவும். மீதி ஏழும் வாடகைக்கு. ஓணானுக்கு ஒன்று, அரணைக்கு ஒன்று, தேரைக்கு ஒன்று, சுண்டெலிகளுக்கு நாலு. விடிந்ததும் ஆளுக்கொரு வண்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஏழு வண்டும் வரிசையாக, மினுமினுவென்று.

"இனி இரை தேடி அலைய வேண்டாம், வடிவு. வண்டு வாசலுக்கு வரும். நாம தூங்கலாம்."

வடிவு அப்போது வயிற்றில் பிள்ளைகளோடு இருந்தது. கனவைக் கேட்டுச் சிரிப்பதற்குப் பதில் யோசித்தது.

"ஏங்க, நம்ம ஒரு வளைக்கு எட்டு மனை ஒருத்தர் கொடுக்காருன்னா, அவரு ஏன் கொடுக்காரு?"

"அதான் சொன்னேனே, வயசாயிட்டு."

"அதை அவரு சொன்னாரா, ஆள்காட்டி சொல்லிச்சா?"

சொக்கன் கொட்டாவி விட்டது. பதில் தெரியாத கேள்விக்கு அது எப்போதும் கொட்டாவிதான் விடும்.

மறுநாள் மூன்றும் இடம் பார்க்கப் போயின. ஆள்காட்டி சொன்னதில் பொய் இல்லை. மண் மெத்தென்றுதான் இருந்தது. ஒவ்வொரு மனைக்கும் நாலு மூலையிலும் கூழாங்கல் நட்டிருந்தது. ஆள்காட்டியின் வீட்டுக்காரியே அங்கே தரையில் நாலு முட்டையிட்டு அடை காத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்கிடுங்க. மோசமான இடமா இருந்தா என் பொண்டாட்டி பிள்ளையை இங்கே வச்சிருப்பேனா?"

இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று நினைத்தது சொக்கன். சாட்சிக்கு இரண்டு இறக்கை இருப்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை.

வடிவு மட்டும் ஒரு கருவேல மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. எட்டாத உயரத்தில், கிளையில், காய்ந்த பாசி தொங்கியது. பட்டையில் நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன.

"நத்தை ஏன் அவ்வளவு உயரத்துக்குப் போச்சு?"

"நத்தைக்கும் நாலு இடம் பாக்கணும்னு ஆசை இருக்காதா?" என்றது சொக்கன்.

வடிவு மண்ணைக் கீறியது. கொழுகொழுவென்று ஒரு கிழங்கு வந்தது. "இது தாமரைக் கிழங்குல்லா?"

"அதனாலதானே தாமரை நகர்!" என்றது ஆள்காட்டி. வடிவு மேலே கேட்பதற்குள் ஒரு காக்கை முட்டைப் பக்கம் வரவே, கத்திக்கொண்டு அதை விரட்டப் பறந்துவிட்டது. வடிவும் கிழங்கைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டது.

தனியாக நின்ற சொக்கன், வீடு எப்படித் தோண்டலாம் என்று பார்க்க நாலாவது மனையைக் கொஞ்சம் பறித்தது. ஒரு முழம் போவதற்குள் நகம் எதிலோ இடித்தது. வழவழப்பான, வளைந்த கல். நல்ல கல், தரைக்கு ஆகும் என்று தட்டிப் பார்த்தது.

"தண்ணி வந்துட்டா?" என்று கேட்டது கல்.

சொக்கன் பின்னால் விழுந்தது. கல் இல்லை, ஆமை. கோடைக்கு மண்ணுக்குள் இறங்கிப் படுத்திருந்த ஆமை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"இல்லையே," என்றது சொக்கன்.

"பின்ன ஏம்ல எழுப்புத?" ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு மறுபடி உறங்கிப்போனது.

எந்தத் தண்ணீர் என்று ஒரு கேள்வி சொக்கனின் நாக்கு நுனி வரை வந்தது. ஒரே ஒரு கேள்வி. ஆனால் அதைக் கேட்டால் வாசலில் வரிசையாக இருந்த ஏழு வண்டும் பறந்துவிடும் என்று அதற்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. கேள்வியை விழுங்கிவிட்டு மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. மேலே தட்டியும் விட்டது.

ஆள்காட்டி திரும்பி வந்தது. "அண்ணாச்சி, அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. நாளைக்குக் காலைல ஒரு கீரி குடும்பத்தோட பாக்க வருது."

அவ்வளவுதான். அந்தக் குளத்தில் பேச்சு முடிந்தது என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆவாரங்கொழுந்தை ஆளுக்கொரு பக்கம் கடிக்க வேண்டும். கடித்த பிறகு மாற்றிப் பேசக் கூடாது. பெருச்சாளி வந்தது, சிரித்தது, கடித்தது. சொக்கனும் கடித்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். சொக்கன் குடும்பத்தையே இறக்கிவிட்டது.

கண்ட கனவையெல்லாம் சொல்லும் சொக்கன், ஆமை கேட்டதை மட்டும் வடிவிடம் சொல்லவில்லை.

நாலாவது மனையில், ஆமை படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே வீடு எழும்பியது. அதைவிட்டுத் தள்ளிக் கட்டினால் ஏன் என்று வடிவு கேட்குமே! பிறகு சொக்கன் குடித்தனக்காரர்களைத் தேடிப் புறப்பட்டது.

ஓணான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது. "கோடைக்கு மட்டும்னா வாரேன்," என்றது.

தேரை வயிறு குலுங்கச் சிரித்தது. "வாடகையா? ஐப்பசி பிறந்தா நான் அங்கே சும்மாவே இருப்பேனே!"

சுண்டெலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஓடிவிட்டன. ஏழு மனையும் புல் முளைத்துக் கிடந்தன. வண்டு ஒன்றுகூட வாசலுக்கு வரவில்லை. பழையபடி சொக்கன்தான் இரைக்கு அலைந்தது. புது நகர், ஆள் வரக் கொஞ்சம் நாளாகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

ஆவணியில் வடிவு மூன்று குட்டி ஈன்றது. முள் இன்னும் முற்றாத, ரோஜா நிறக் குட்டிகள். புரட்டாசியில் ஆள்காட்டி தன் குஞ்சுகளோடு விடைபெற வந்தது. "பிள்ளைகளுக்கு இறக்கை மொளச்சுட்டு. கொஞ்ச நாள் மேட்டுப் பக்கம் இருந்துட்டு வாரோம்."

"ஏன்?" என்றது வடிவு.

"சும்மாதான்," என்று சொல்லிக்கொண்டே பறந்துவிட்டது.

ஐப்பசி வந்தது. ஈரக்காற்று மூக்கில் பட்டது. சொக்கன் கொட்டாவி விட்டுச் சுருண்டது. வடிவும் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியது. அங்கே ஒரு சொட்டு மழை இல்லை. தொலைவில், மலைப் பக்கத்தில் மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது.

சொக்கன் கனவு கண்டது. கனவில் வீட்டுச் சுவர் தயிர் மாதிரி இளகியது. எங்கோ யாரோ நிறைய பேர் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு தரை மெதுவாக மேலே எழும்பியது. தானும் வடிவும் குட்டிகளும் படுத்தபடியே உயர்ந்தார்கள். கூரை உடைந்து விடியற்கால வெளிச்சம் வந்தது. ஆகா, மாடி வீடு என்று நினைத்தது சொக்கன்.

"எந்திரிங்க!" வடிவு முள்ளில் கையை வைத்துக் குத்துப்பட்டு உலுக்கியது.

"கனவு நல்லாருக்கு, வடிவு."

"கனவு நனையாதுங்க!"

சொக்கன் கண்ணைத் திறந்தது. சுற்றிலும் செம்மண் நிறத் தண்ணீர், நுரையும் வைக்கோலுமாகச் சுழன்று வந்துகொண்டிருந்தது. மலையில் பெய்த மழை வாய்க்கால் வழியாகக் குளத்துக்குள் இறங்கிவிட்டது. நாலு மூலைக் கூழாங்கல் ஒன்றையும் காணோம். குட்டிகள் வீலென்று கத்தின. அப்போதுதான் சொக்கனுக்குத் தாங்கள் எதன் மேல் இருக்கிறோம் என்று தெரிந்தது.

"என் முதுகுல யாரு?" என்றது ஆமை, மூக்கைத் தண்ணீருக்கு மேலே நீட்டி.

"நாங்கதான். அக்கா, முங்கிடாதீங்க. குட்டிங்க இருக்கு. கும்பிடுதேன்." வாழ்நாளில் முதல்முறையாகச் சொக்கனுக்குத் தூக்கம் முழுதாகப் போயிருந்தது.

ஆமை முணுமுணுத்துக்கொண்டே கரையைப் பார்த்துத் திரும்பியது. "ஆறு மாசமாப் பட்டினி. முழிச்சதும் ஒரு வாய் திங்க விட்டிருக்கலாம். குளத்துக்குள்ள வந்து யாராவது வீடு கட்டுவாங்களா?"

"நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்றது சொக்கன்.

"சொன்னேனே! தண்ணி வந்துட்டான்னு கேட்டேனே. தண்ணி வராத இடத்துல படுத்துக்கிட்டு எவளாவது அப்படிக் கேப்பாளா?"

வடிவு திரும்பிச் சொக்கனைப் பார்த்தது. "அன்னைக்கேன்னா, என்னைக்கு?"

சொக்கன் கொட்டாவி விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னது. வடிவு கரை வரும்வரை குட்டிகளின் தலையைத்தான் தடவிக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால்கூடச் சொக்கனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆமை அவர்களைக் கரையில் இறக்கிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. சொக்கன் ஓடிப்போய்ப் பனைமூட்டில் நின்று கூப்பிட்டது. பெருச்சாளி தலையை மட்டும் நீட்டியது. உள்ளே இருந்து காய்ந்த மண்ணின் வாசம் வந்தது. சொந்த வீட்டின் வாசம்.

"அண்ணாச்சி, எட்டு மனையும் திருப்பி எடுத்துக்கிடுங்க. ஒரு மூலை கொடுத்தாப் போதும். பச்சைப் பிள்ளைங்க."

"ஆவாரங்கொழுந்தைக் கடிச்சது கடிச்சதுதான்," என்று பெருச்சாளி தலையை இழுத்துக்கொண்டது.

கரையின் மறுபக்கச் சரிவில், விழுந்து கிடந்த பனையோலைக் குவியலுக்கடியில் குடும்பம் ஒண்டிக்கொண்டது. பிறகு உள்ளூர் மழையும் பிடித்துக்கொண்டது. ஒழுகாத இடம் குட்டிகளுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. சொக்கன் ஓலைச் சந்துகளில் களிமண் அப்பியது. ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஒழுகியது. அந்த ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும், முள்ளெலி வம்சத்திலேயே முதல்முறையாக, ஒரு முள்ளெலி தூங்காமல் இருந்தது.

மழை விட்ட ஒருநாள் ஆள்காட்டி வந்து இறங்கியது. கூச்சமே இல்லை. "அண்ணாச்சி, மேட்டுல அருமையா ஒரு இடம் இருக்கு. நாளைக்கே ஒரு உடும்பு பாக்க வருது."

"உடும்புக்கே கொடுத்துரும். நான் ஒரு வருஷம் முழுக்க முழிச்சிருந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

"அதுக்குள்ள போயிருமே."

"போகட்டும்."

அது பறந்த பிறகு சொக்கனும் வடிவும் கரை உச்சிக்கு ஏறி நின்றன. வெயில் அடித்தது. குளம் கண்ணுக்கெட்டிய தூரம் நிறைந்து கிடந்தது. கருவேல மரங்களின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. கிளைகளில் நத்தைகள் ஊர்ந்தன. எட்டு மனைக்கும் மேலே, நீர்ப்பரப்பில், நூறு தாமரைகள் விரிந்திருந்தன. சொக்கன் கண்ட எந்தக் கனவிலும் இவ்வளவு அழகு இருந்ததில்லை.

"அழகா இருக்குல்லா?" என்றது வடிவு. பல நாளுக்குப் பிறகு அது பேசிய முதல் நல்ல வார்த்தை.

சொக்கன் பனைமூட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "இருக்கு. நம்ம பனைமூட்டு வாசல்ல உக்காந்து பாத்திருந்தா, இன்னும் அழகா இருந்திருக்கும்."

ஆகவே, விற்க வந்தவன் சொல்லைக் கேட்டு ஒரு பருவம் மட்டும் பார்த்த நிலத்துக்காக இருக்கிற வீட்டைக் கொடுக்காதே. கேட்டால் கனவு கலைந்துவிடுமே என்று எந்தக் கேள்வியை விழுங்குகிறாயோ, அதையே முதலில் கேள்.