தட்டான் தாழப் பறந்த காரணம்

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று நாடே நம்புகிறது. மிகுந்த வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது: அது தவறு. தட்டான் தாழப் பறந்தால், கூடத் தொங்குவது யார் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மலை உச்சியில் ஒரு சுனை வற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தலைப்பிரட்டையும் ஓர் அட்டையும் ஒன்றாக வாழ்ந்தன. அட்டை சேற்றில் புதைந்து மழைவரை காத்திருக்கும். தலைப்பிரட்டைக்கோ இன்னும் கால் முளைக்கவில்லை. அடிவார ஓடைக்கு இன்றே போகாவிட்டால், நாளை அது கருவாடு!

பக்கத்துப் பொந்து நண்டு பொறுப்பை ஏற்றது. பிள்ளைகள் ஹெலிகாப்டர் பூச்சி என்று கூப்பிடும் தட்டானை வரவழைத்தது. அந்தத் தட்டான் நீருக்குள் புழுவாக இருந்த காலத்தில் தலைப்பிரட்டைகளைத் தின்றே வளர்ந்தது. அந்தப் பேச்சை அங்கே யாரும் எடுக்கவில்லை.

இலைத் தொன்னையில் நீர் ஊற்றி, தலைப்பிரட்டையை உட்காரவைத்தார்கள். அட்டை ஒரு பாசி மூட்டையையும் திணித்தது.

"வழியில பசிச்சா சாப்பிடு, கண்ணு!"

"சரி அண்ணே! போயிட்டு வரேன்!"

அட்டை தொன்னையைத் தொட்டு வழியனுப்பியது.

தட்டான் தொன்னையைப் பற்றிச் சிறகடித்தது. இடப்பக்கம் எழும்பியது. வலப்பக்கம் எழும்பவில்லை. அடுத்த நொடி எல்லாம் கவிழ்ந்தது! தட்டானின் சிறகு பாறையில் உரசிக் கிழிந்தது. நீர் முழுவதும் பாறையில் ஓடியது.

"பாரம் அதிகம்!" என்றது நண்டு. "இறக்கு அந்த மூட்டையை!"

"நான் ஒண்ணும் பாரமில்ல!" என்றது தலைப்பிரட்டை.

"உடம்பே தலையா இருக்கு, பேச்சைப் பாரு!"

மூட்டையை இறக்கி, மறுபடி நீர் ஊற்றினார்கள். மறுபடியும் வலப்பக்கமே கவிழ்ந்தது. தலைப்பிரட்டை சுடுபாறையில் துடித்தது. நண்டு அதை அள்ளித் தொன்னையில் போட்டு, சுனையின் கடைசி நீரையும் வழித்து ஊற்றியது.

"இனிமே ஊத்த ஒரு சொட்டு இல்ல!"

"யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரியே இருக்கு," என்று முனகியது தட்டான்.

எல்லோரும் வலப்பக்கம் பார்த்தார்கள். அட்டைக்கு உடம்பின் இரு முனையிலும் பிடி உண்டு. ஒரு முனை தொன்னையைப் பிடித்திருந்தது. மறுமுனை பாறையைப் பிடித்திருந்தது.

"அடப்பாவி! நீதானா?"

"வழியனுப்பத்தான் பிடிச்சேன். அப்புறம் விட மனசு வரல."

"விடுறியா, வெட்டட்டுமா?" நண்டு கொடுக்கைத் தூக்கியது.

"அண்ணே, தண்ணி சுடுது," என்றது தலைப்பிரட்டை, மெல்லிய குரலில்.

அட்டை விட்டது. பிறந்த நாளிலிருந்து விடாத பாறையை விட்டது.

"ஐயோ, நான் சொன்னது இந்த முனையை இல்ல!" என்று நண்டு கத்துவதற்குள் தட்டான் எழும்பிவிட்டது. இறக்கிவைத்த பாசி மூட்டையின் கனமும் தொன்னையில் தொங்கிய அட்டையின் கனமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிறகு கிழிந்த தட்டானால் உயரப் பறக்க முடியவில்லை. புல் நுனிகளை உரசிக்கொண்டே மலை இறங்கியது. ஓடையில் முதலில் விழுந்தது அட்டை. அதன்மேல் விழுந்தது தலைப்பிரட்டை.

கூடப் போவதென்றால் நின்ற இடத்தை விட வேண்டும், நிற்பதென்றால் போகிறவர் கையை விட வேண்டும். இரண்டையும் பிடித்திருப்பவர் எல்லோரையும் கவிழ்ப்பார்.

அடிவாரத்தில் மிளகாய் காயப்போட்டிருந்த பூவாத்தாள், தட்டான் தாழப் பறப்பதைப் பார்த்துவிட்டு, மிளகாயைப் பாயோடு சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோனாள்.