உறுமாத செம்பி

ஒரு காட்டில், ஓடையின் இந்தக் கரையில் இருந்த பாறைக் குகையில் ஒரு கரடியும் செம்பி என்ற நாயும் சேர்ந்து வாழ்ந்தன. அந்தக் கரையில் ஒரு சிறுத்தை இருந்தது. அதற்கு நாய்க்கறி என்றால் உயிர். கரடிக்குப் பயந்துதான் அது ஓடையைத் தாண்டாமல் இருந்தது.

கரடி தேனெடுக்கப் போனதும் பகல் முழுக்கச் செம்பிதான் குகையைக் காக்கும். சாயங்காலம் அது அசந்து தூங்கும்போது கரடி திரும்பி வரும். கரடிக்குப் பாசம் கொஞ்சம் அதிகம். "என் செல்லமே!" என்று செம்பியின் மேல் தொப்பென்று விழுந்து கட்டிக்கொள்ளும்.

"உர்ர்ர்..." என்று உறுமிக்கொண்டே செம்பி விழிக்கும்.

ஒருநாள் கரடியின் முகம் வாடிவிட்டது. "என்னைப் பார்த்தா உறுமுகிறாய்?"

"தூங்கும்போது மேலே விழாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது, அண்ணா? தூக்கத்தில் உறுமல்தான் முதலில் வரும், பேச்சு அப்புறம்தான் வரும். போதாததற்கு உங்கள் கையெல்லாம் தேன். நீங்கள் குறட்டை விடுகிறீர்கள், எறும்புக்கடி எனக்கு!"

"பாசத்தில்தானே கட்டிக்கொள்கிறேன்?"

"பாசம் இருக்கட்டும். முதலில் கூப்பிடுங்கள். நானே எழுந்து வருகிறேன்."

"என் குகையில் நான் உன்னிடம் அனுமதி கேட்க வேண்டுமா?" என்றது கரடி.

மரத்தில் இருந்த ஒரு குரங்கு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. தன் பெருமை பேசாவிட்டால் அதற்குச் சாப்பிட்டது செரிக்காது. சரசரவென்று இறங்கி வந்தது.

"கரடியாரே, ஊருக்குள் மனிதர்கள் நாயைப் பழக்குவதை மதில்மேல் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தவன் நான். பாதி நேரம் வாழைப்பழம் தின்றேன் என்பது வேறு விஷயம். இவளை என்னிடம் விடுங்கள். உறுமல் என்ற பேச்சே இருக்காது."

கரடி செம்பியைப் பார்த்தது. "வாத்தியார் சொல்வதைக் கேட்டு உறுமலை விட்டுவிடு. இல்லையென்றால் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விடு."

அந்தப் பக்கம் யார் இருப்பது என்று இருவருக்குமே தெரியும்.

மறுநாள் பாடம் தொடங்கியது. குரங்கின் கையில் ஒரு புளிய விளார்.

"சிட்!" என்றது குரங்கு.

செம்பி நின்றுகொண்டே இருந்தது.

"ஆங்கிலம் புரியவில்லையா உனக்கு?"

"புரிகிறது, வாத்தியாரே. உட்காரத்தான் பிடிக்கவில்லை."

விளார் சுளீரென்று விழுந்தது. செம்பி உறுமியது. உறுமியதற்கு இன்னொரு அடி. அதற்குப் பிறகு தினமும் இதேதான். செம்பி தூங்கும்போது குரங்கு மேலே குதிக்கும், வாலைப் பிடித்து இழுக்கும். செம்பி உறுமும். விளார் விழும்.

முதுகெல்லாம் தடித்துப்போன ஒருநாள் செம்பி கேட்டது. "வாத்தியாரே, உறுமலை அடித்து விரட்டிவிட்டால், அது இருந்த இடத்துக்கு என்ன வரும்?"

"இதென்ன கேள்வி? பணிவு வரும்!"

"அப்படியா? சரி, உங்கள் பாடத்தை ஒழுங்காகப் படித்துவிடுகிறேன்."

அன்றிலிருந்து குரங்கு எவ்வளவு இழுத்தாலும் செம்பியிடமிருந்து சத்தமே வரவில்லை.

குரங்குக்குத் தலைகால் புரியவில்லை. மான், மயில், காட்டுப்பன்றி என்று எல்லோரையும் கூட்டி வந்து குகை வாசலில் உட்கார வைத்தது. கரடி முன்வரிசையில் உட்கார்ந்தது. செம்பி நடுவில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"பாருங்கள்!" என்று குரங்கு அதன் மேல் குதித்தது. செம்பி அசையவில்லை.

"இன்னும் பாருங்கள்!" வாலை முறுக்கியது. சத்தமில்லை.

கூட்டம் ஆரவாரம் செய்தது. "இதுதான் பயிற்சி! இதுதான் படிப்பு!" என்று குரங்கு மார்தட்டிக்கொண்டு, செம்பியின் காதைப் பிடித்துத் திருகியது.

அடுத்த நொடி குரங்கின் கை செம்பியின் பற்களுக்கு நடுவில் இருந்தது.

"ஐயோ! ஐயோ! சொல்லாமல் கொள்ளாமல் கடிக்கிறாளே!"

செம்பி கையை விட்டது. ஒரு பல் தடம்கூட இல்லை.

"கடிக்கவில்லை, வாத்தியாரே. பிடித்தேன், அவ்வளவுதான். இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்? சொன்னதற்குத்தானே அடித்தீர்கள்?"

"துரத்துங்கள் இவளை! ஓடைக்கு அந்தப் பக்கம் துரத்துங்கள்!" என்று காட்டுப்பன்றி கத்தியது.

செம்பி எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. "நீங்கள் துரத்த வேண்டாம். நானே போகிறேன். சிறுத்தை தின்றாலும் தின்னட்டும். வேண்டாம் என்று சொன்னதற்கு மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்."

திரும்பிப் பார்க்காமல் ஓடையை நோக்கி நடந்தது. அதன் முன்கால்கள் தண்ணீரில் இறங்கின. அக்கரைப் புதர் அசைந்தது.

கரடி தடதடவென்று ஓடிவந்தது. வழக்கம்போல் மேலே விழுந்து கட்டிக்கொள்ளப் போன அது, கரையிலேயே நின்றுவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"செம்பி," என்று கூப்பிட்டது. "வீட்டுக்கு வருகிறாயா?"

"வந்தால் உறுமுவேன்."

"உறுமு."

செம்பி தண்ணீரிலிருந்து ஏறி வந்தது. பின்னாலேயே வந்திருந்த மானும் மயிலும் பன்றியும் பார்த்துக்கொண்டிருக்க, கூடவே வந்த வாத்தியாரின் கையிலிருந்த விளாரைப் பார்த்துக் காடே கேட்கும்படி உறுமியது.

குரங்கு விளாரைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறியது.

நீதி: உறுமும் வாயை அடித்து அடக்கினால், கடிக்கும் பல் மட்டுமே மிஞ்சும்.