நாவல் கிளை விழும் சத்தம்

ஒரு காட்டில் தேன் வாங்க ஒரு வெண்கரடி வந்தது. வாங்கிக்கொண்டு வந்த வழியே போயிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை. அது போகவில்லை. "அப்பப்பா, உங்கள் ஊர் வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை!" என்று அலுத்துக்கொண்டே மலைக் குகையில் படுத்துவிட்டது. பிறகு அதன் அண்ணன் வந்தது. தம்பி வந்தது. மச்சான் வந்தது. ஒரு நாள் விடிந்து பார்த்தால் வெண்கரடிதான் காட்டுக்கே ராஜா!

முடி சூட்டியது யார் என்று என்னைக் கேட்காதீர்கள், பிள்ளைகளே. எனக்கும் தெரியாது.

அந்தக் காட்டில் புள்ளிமான்களும் கருமுக மந்திகளும் ஒன்றாக வாழ்ந்துவந்தன. நடுவே ஓர் ஓடை. ஓடைக்கரையில் ஒரு பெரிய நாவல் மரம். மரத்தில் ஏறும் மந்தி, முதலில் ஒடிக்கும் கிளையைக் கீழே மான்களுக்குப் போட்டுவிடும். அதற்குக் கீழ்ப்பங்கு என்று பெயர். கீழ்ப்பங்கு போடாமல் எந்த மந்தியும் ஒரு பழத்தைக்கூட வாயில் வைக்காது.

கிளை ஒடிந்து இலைகள் சலசலக்க விழும் சத்தம் கேட்டால் போதும், மான்கள் எங்கே இருந்தாலும் ஓடிவந்துவிடும். அந்தச் சத்தத்துக்கு ஓடுவதை யாரும் அவற்றுக்குச் சொல்லித்தரவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், கால்கள் தாமாகவே ஓடும்.

புலி வந்தாலும் அப்படித்தான். மேலே இருக்கும் மந்தி கண்ணால் பார்த்து "கர்ர்ரக்!" என்று கத்தும். கீழே இருக்கும் மான் மோப்பத்தால் அறிந்து காலைத் தரையில் தட்டும். மேலே ஆள் இருக்கிற தைரியத்தில் மான்கள் குனிந்த தலை நிமிராமல் மேயும்.

மான்கள் காலையில் சூரியனைக் கும்பிடும். மந்திகள் மாலையில் நிலாவைக் கும்பிடும். நிலா வராத நாளில் மந்திகளின் முகம் வாடிவிடும். "நாளைக்கு வந்துடும், கவலைப்படாதீங்க" என்று மான்கள் தேற்றும். சாமி விஷயத்தில் அங்கே நடந்த பேச்செல்லாம் அவ்வளவுதான்.

அங்கே தும்பை என்று ஒரு பெண்மான் இருந்தது. அது குட்டியாக இருந்தபோதே தாயைப் புலி கொண்டுபோய்விட்டது. கருமுகன் என்ற மந்திதான் குட்டிக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துப் பார்த்துப் பழக்கிளையைப் போட்டு அதை ஆளாக்கியது. தும்பைக்கு அது கூடப்பிறக்காத அண்ணன்.

வெண்கரடி ராஜாவானதும் ஒரு சட்டம் போட்டது. மந்திகள் தேனடை எடுக்க வேண்டும், மான்கள் அதைக் குகைக்குச் சுமக்க வேண்டும். சும்மா சுமந்தாலும் பரவாயில்லை. தினமும் குகை வாசலில் நின்றுகொண்டு, "சூரியனைக் கும்பிடுகிறவர்கள் இந்தப் பக்கம்! நிலாவைக் கும்பிடுகிறவர்கள் அந்தப் பக்கம்!" என்று பிரித்துப் பிரித்து நிறுத்தும். கூலியாகப் பக்கத்து வரிசைக்குக் கிடைத்த சிந்திய தேன் அதிகமா என்று எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் அப்போதுதான் வந்தது.

ஒரு நாள் கருமுகன், "நான் இனிமே தேன் எடுக்க மாட்டேன்" என்றது.

வெண்கரடி ஓங்கி அறைந்தது. கருமுகனின் இடது காது கிழிந்து தொங்கியது. தும்பை ஓடிவந்து அந்தக் காயத்தை நக்கிவிட்டது. பிறகு வெண்கரடியைப் பார்த்து, "நானும் சுமக்க மாட்டேன்" என்றது.

அவ்வளவுதான்! எல்லா மந்திகளும் மரத்திலிருந்து இறங்கி உட்கார்ந்துகொண்டன. எல்லா மான்களும் படுத்துக்கொண்டன. கரடிகள் அடித்தன, உருட்டின, மிரட்டின. தேன் மட்டும் ஒரு சொட்டும் போகவில்லை. கடைசியில் வயிறு ஒட்டிப்போன வெண்கரடி, "சரி, நான் ஊருக்குப் போகிறேன்" என்றது.

காடு முழுக்க ஒரே கும்மாளம்! மான்கள் துள்ளின. மந்திகள் மான்களின் முதுகில் ஏறிச் சவாரி செய்தன. தும்பைக்கும் கருமுகனுக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கேள்வி எழுந்தது. வெண்கரடி உட்கார்ந்திருந்த பாறையில் இனி யார் உட்காருவது?

"மான்களே அதிகம். ஆகவே நான்தான்" என்றது மான்களின் தலைவன் கவைக்கொம்பன்.

"உமக்குக் கீழே எங்களை நிலாவைக் கும்பிட விடுவீர் என்பதற்கு என்ன உறுதி? நான்தான்" என்றது மந்திகளின் தலைவன் நெடுவாலன்.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெண்கரடி சிரித்தது. "இதற்குப் போய் ஏன் சண்டை? காட்டையே இரண்டாக்கிவிட்டால் ஆளுக்கொரு பாறை!" என்று சொல்லிக்கொண்டே குகை வாசல் மண்ணில் நகத்தால் ஒரு கோடு கிழித்தது. "இதுதான் ஓடை. சூரியனைக் கும்பிடுகிறவர்கள் கிழக்கே. நிலாவைக் கும்பிடுகிறவர்கள் மேற்கே. நான் வரட்டுமா?"

அந்த ஓடைப் பக்கம் அது ஒரு நாளும் இறங்கி வந்தது கிடையாது!

கிழிந்த காதோடு நின்ற கருமுகன் கேட்டது: "சேர்ந்தே இருக்கறவங்க எந்தப் பக்கம் நிக்கணும்?"

இரண்டு தலைவர்களும் பாறை தேடிப் போய்விட்டன.

கோட்டின்படி புல்வெளி கிழக்கே போனது. நாவல் மரம் மேற்கே போனது. மேற்கே இருந்த மான்களும் கிழக்கே இருந்த மந்திகளும் ஒரே நாளில் ஓடையைத் தாண்டின. "குத்துகிறார்கள்!" என்று யாரோ கத்த, "கல் எறிகிறார்கள்!" என்று வேறு யாரோ கத்த, என்ன ஏது என்று பார்க்காமல் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டன. தும்பையின் துணையாக இருந்த கலைமான் கல்லடி பட்டு விழுந்தது. கருமுகனின் தம்பி கொம்பு குத்திச் செத்தது. இரண்டு கரையிலும் கேட்டுப் பாருங்கள், "அவர்கள்தான் ஆரம்பித்தார்கள்" என்றுதான் சொல்லும்.

அன்றைக்கு ஓடைத் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வயிற்றில் குட்டியோடு கிழக்கே வந்த தும்பை, சில நாளில் ஒரு பெண் குட்டியை ஈன்றது. அதற்குக் கொழுந்து என்று பெயர் வைத்தது. கொழுந்து மந்தியைப் பக்கத்தில் பார்த்ததில்லை. கீழ்ப்பங்கும் தின்றதில்லை.

தும்பை தினமும் விடியற்காலையில் சூரியனைக் கும்பிட்டுவிட்டு நேரே ஓடைக்கரைக்குப் போய்விடும். அக்கரை நாவல் மரத்தின் உச்சியில் ஒரு கிழிந்த காது தெரியும். அது தெரிந்தால்தான் தும்பைக்கு மூச்சு வரும்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. பழம் பழுக்க ஆரம்பிச்சிருக்கு. கீழே போட ஆள்தான் இல்ல. கையில வச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். தின்னவும் முடியல."

"எனக்கும் புல்லு தொண்டையில இறங்கல, அண்ணே. குனிஞ்சா மனசு மேலேயே இருக்கு."

இது கவைக்கொம்பன் காதுக்குப் போனது. உடனே பாறைமேல் ஏறி நின்று முழங்கியது: "மான் குலமே! அக்கரையிலிருந்து வரும் குரல் பகைவனின் குரல். மந்தி கத்தினால் எவரும் அசையக் கூடாது. நம்மை விரட்டிவிட்டு நம் புல்லைப் பறிக்கவே அவர்கள் கத்துவார்கள்!"

அக்கரைப் பாறையில் நெடுவாலனும் இதே பேச்சைத்தான் பேசியது. புல் என்ற இடத்தில் பழம் என்று சொன்னது.

ஆனி பிறந்தும் மழை இல்லை. புல் காய்ந்துபோனது. ஓடை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை இருந்தது. ஒரு காலையில் மான்கள் எல்லாம் அங்கே குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. மேலே பார்க்க ஆள் இல்லை என்பதே அவற்றுக்கு உறைக்கவில்லை. காற்றும் அன்று எதிர்ப்பக்கமாக அடித்தது. பின்னால் இருந்த கோரைப்புல்லில் புலி வந்து பதுங்கியது எந்த மூக்குக்கும் எட்டவில்லை.

கருமுகன் பார்த்துவிட்டது.

"கர்ர்ரக்! கர்ர்ரக்! தும்பை, பின்னாடி புலி!"

மான்கள் திடுக்கிட்டன. "அசையாதீர்கள்! ஏமாற்றுகிறான்!" என்று கவைக்கொம்பன் அதட்டியது.

"ஐயோ, அண்ணன் பொய் சொல்லாதுங்க!" என்று தும்பை பதறியது. "எல்லாரும் ஓடுங்க!"

"நீ சும்மா இரு! அக்கரைக்கு ஒத்து ஊதுகிறாயா?"

ஒரு மானும் நகரவில்லை. கோரைப்புல் மெல்ல விலகியது. கருமுகன் தொண்டை கிழியக் கத்தியது, பலன் இல்லை. பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

கத்துவதை விட்டுவிட்டுப் பெரிய பழக்கிளை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தது. ஓடையோரமாகக் கீழே போட்டது. இன்னொன்றை ஒடித்தது. அதையும் போட்டது. சடசட, சலசலவென்று கிளைகள் விழுந்தன.

ஆகா! அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கால்கள் தலைவனைக் கேட்குமா, சட்டத்தைக் கேட்குமா? எத்தனை நாள் பசி, எத்தனை நாள் ஏக்கம்! மந்தை மொத்தமும் தண்ணீரில் பாய்ந்து அக்கரைக்கு ஓடியது. முதல் ஆளாக ஓடியது யார் தெரியுமா? நம் கவைக்கொம்பன்தான்!

தும்பையும் தன்னை அறியாமல் பாதி ஓடை வரைக்கும் ஓடிவிட்டது. திரும்பிப் பார்த்தால், கொழுந்து வரவில்லை! அந்தச் சத்தம் என்னவென்றே தெரியாத குட்டி, கரையில் தனியாக நின்று விழித்துக்கொண்டிருந்தது.

"கொழுந்து! மாமா கூப்பிடறாரு, வாடி!"

"எந்த மாமா?"

"வாடி என் கண்ணே! அப்புறம் சொல்றேன், வா!"

கொழுந்து குதித்தது. அதே நொடியில் புலியும் பாய்ந்தது. புலியின் கைக்கு அகப்பட்டது கொழுந்தின் வால் நுனி முடி மட்டும்தான். உறுமிக்கொண்டே அது கோரைப்புல்லுக்குள் போய் மறைந்தது.

அக்கரையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். மான்கள் நாவல் மரத்தடியில் நின்று பழம் தின்றன. மேலே இருந்த மந்திகளுக்கும் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் கிளையில் ஒன்றை ஒடித்துக் கீழே போட்டது. "வாங்க, வாங்க! எவ்வளவு நாளாச்சு!" என்று ஒரு மந்தி அழுதேவிட்டது. கருமுகன் கீழே இறங்கிவந்து கொழுந்தின் தலையைத் தடவிக்கொடுத்தது. "இதுதான் மாமாவா?" என்று கேட்ட கொழுந்தின் வாயெல்லாம் நாவல் கறை. கொஞ்ச நேரம் காடு பழைய காடாகவே இருந்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தோடு கதையை நிறுத்திவிடத்தான் எனக்கு ஆசை.

நெடுவாலன் வந்துவிட்டது. "எல்லையைத் தாண்டியது யார்? எங்கள் பழத்தைப் பகைவனுக்குக் கொட்டியது யார்?"

கவைக்கொம்பன் வாயிலிருந்த பழத்தை அவசரமாகத் துப்பியது. "நாங்கள் தாண்டவில்லை! உங்கள் மந்திதான் எங்களை ஏமாற்றி இழுத்தது!"

"ஏமாத்தலைங்க! உயிரைக் காப்பாத்தினது எங்க அண்ணன்தான்!" என்று தும்பை அழுதது.

இரண்டு தலைவர்களும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிற அந்த இரண்டும் இதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. மான்கள் உடனே திரும்பிப் போக வேண்டும். கருமுகனை மேற்கு மலைக்கு அப்பால் துரத்திவிட வேண்டும். நாவல் மரத்தில் இனி எந்த மந்தியும் ஏறக் கூடாது.

"எங்கண்ணே போவீங்க?" என்று கேட்டது தும்பை.

"தூரமாத்தான் போகணும்" என்றது கருமுகன். "நீ இனிமே தலையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து மேயக் கத்துக்க, தும்பை. மேலே ஆள் இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. தும்பை ஓடையில் இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இக்கரைக்கு வந்தது.

அதன்பின் தும்பை விடியற்காலையில் ஓடைக்கரைக்குப் போய் நிற்கும். மரம் இருக்கும். உச்சியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பழங்கள் பழுத்து, வெடித்து, தின்ன ஆளில்லாமல் தாமாகவே உதிர்ந்து அழுகின.

ஒரு நாள் மழைக்கு முந்திய பெருங்காற்று அடித்தது. அக்கரையில் நாவல் கிளை ஒன்று சடசடவென்று ஒடிந்து விழுந்தது.

முதலில் தலையை நிமிர்த்தியது கொழுந்துதான். "அம்மா! மாமா வந்துட்டாரு!"

மேய்ந்துகொண்டிருந்த அத்தனை மான்களும் நிமிர்ந்தன. அத்தனையும் அக்கரையையே பார்த்தன. கவைக்கொம்பனின் முன்கால் ஒன்று தண்ணீரில் இறங்கியே விட்டது.

மரத்தில் யாரும் இல்லை.

"காத்து, கண்ணு" என்றது தும்பை. "வெறும் காத்துதான்."

கவைக்கொம்பன் காலை மெல்ல எடுத்துக் கரையில் வைத்துக்கொண்டது. மான்கள் ஒவ்வொன்றாகத் தலையைக் குனிந்து மேயத் தொடங்கின. கொழுந்து மட்டும் அக்கரையைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றது.

நீதி: அந்நியன் கிழித்த கோட்டை நாமே காவல் காத்துக்கொண்டிருக்கும்வரை அந்நியன் இன்னும் போகவில்லை.